மார்கழிப் பனியில் நாயோடு நெடுந்தூர ஓட்டம்: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஓசூர், தளி பக்கம் மார்கழி விடிகாலையில் 13, 14 டிகிரிதான் இருக்கும். பத்து மணிக்கெல்லாம் அதே ஊரில் வெயில் முதுகில் உறைக்கும். தர்மபுரி, அரூர் பக்கம் இறங்கிவிட்டால் காலைக் குளிரும் குறைவு, வெயிலும் முந்திக்கொள்ளும். நீண்ட தூரம் ஓடுவதற்கு நம் ஊர்க் குளிர்காலம் ஒரு நாளைக்குத் தருவது இரண்டரை மணி நேரம்தான். சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் தொடங்கி, ஓசூர் மேட்டில் எட்டரைக்கும் தர்மபுரிச் சமவெளியில் எட்டுக்கும் முடித்துவிட வேண்டும். இந்தக் கணக்கை நாய்க்காகப் போடுகிறோம். மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அடர்ந்த பனிமூட்டத்தில் காற்று முழுக்க ஈரம் இருப்பதால் அந்த இரைப்பும் பாதிப் பலன்தான் தரும். குளிர்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்து ஓடவிட்ட நாய்க்கும் வெப்பத்தாக்கம் வரும்.

இன்னொன்று. நாய் தானாக நிற்காது. நீங்கள் ஓடுகிறவரை அதுவும் ஓடும். பாதம் கிழிந்தாலும் ஓடும். போதும் என்று சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீண்ட ஓட்டம் என்று இங்கே சொல்வது 10 முதல் 15 கிலோமீட்டர்.

எந்த நாய் ஓடலாம்

நம் நாட்டு நாய்க்கு இந்த வேலை இயல்பாகவே வரும். குட்டை முடி, ஒடுங்கிய வயிறு, கெட்டியான பாதம், 15 முதல் 20 கிலோ எடை. கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்கள் வேகக்காரர்கள்; ஆனால் குறுகிய தூரத்தில் பாய்வதற்கான உடம்பு அது. நிதானமான நீண்ட ஓட்டத்துக்கு மெல்லப் பழக்கினால் நன்றாக வரும். தோல் மெல்லியது, உடம்பில் கொழுப்பு குறைவு, அதனால் நின்ற உடனே குளிரும். லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் ஓடலாம், இடுப்பு மூட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. பக், புல்டாக், ஷிட்சு மாதிரி மூக்குச் சப்பையான நாய்களை எந்தப் பருவத்திலும் நீண்ட ஓட்டத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். அவற்றின் மூச்சுக்குழாய் அமைப்பே இரைத்துச் சூடு தணிக்க இடம் தராது.

வயது முக்கியம். நடுத்தர நாய்க்கு ஒன்றே கால் வயதாவது ஆகட்டும். லாப்ரடார், ஷெப்பர்ட், ராஜபாளையம் போன்ற பெரிய நாய்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு வயது. அதற்கு முன் எலும்பின் வளரும் நுனிகள் மூடியிருக்காது. தார் ரோட்டில் தினமும் அடிபட்டால் மூட்டு கோணிப்போகும். அதைப் பிறகு சரிசெய்ய முடியாது. எட்டு வயதுக்கு மேல் என்றால் 5 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எடையைப் பார்க்கத் தராசு வேண்டாம். விலா மேல் கையை வைத்துத் தடவுங்கள். அழுத்தாமலே ஒவ்வொரு எலும்பும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் முதலில் நடையிலேயே எடை குறையட்டும். இரவில் தூங்கும்போது நெஞ்சு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போனால் இதயத்தைப் பரிசோதிக்காமல் ஓடவிடாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து இவையும் நாள் தவறாமல் நடக்கட்டும். ஐப்பசி மழை முடிந்து புல் தழைத்து நிற்கும் நேரம் இது. ஏரிக்கரையில் ஒருமுறை போய்வந்தால் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் காட்டும் அறிகுறியே ஓட்டத்தில் பின்தங்குவதுதான்.

ஐப்பசியில் தொடங்கினால் தையில் 15

உங்களுக்கு 10 கிலோமீட்டர் ஓடும் பழக்கம் இருக்கலாம். நாய்க்கு அது புதிது. நெஞ்சுத் தெம்பு மூன்று வாரத்தில் வந்துவிடும். பாதத்தின் அடித்தோல் கெட்டிப்பட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் புதியவர்கள் நாயைக் காயப்படுத்துகிறார்கள். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுவார்கள். மறுநாள் நாய் முன்னங்காலை நக்கிக்கொண்டே படுத்திருக்கும்.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 2 முதல் 3 கிலோமீட்டர். இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. மண் பாதையில் மட்டும். மூன்றாவது, நான்காவது வாரம் 4 முதல் 5 கிலோமீட்டர். ஐந்து நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கலாம். ஐந்தாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரம் கூடும்: 6, 7, 8 என்று போய் எட்டாவது வாரம் மறுபடி 6. பிறகு 9, 10, 12, மீண்டும் 8. நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறக்குவதைத் தவிர்க்காதீர்கள். நுண்ணிய காயங்கள் ஆறுவது அந்த வாரத்தில்தான். இப்படி வந்தால் பொங்கலுக்குப் பிறகு 14, 15 கிலோமீட்டருக்கு உடம்பு தயாராக இருக்கும். வார நாட்களில் 3, 4 கிலோமீட்டர் போதும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் முழு ஓய்வு, வெறும் நடை.

வேகம் கிலோமீட்டருக்கு ஏழு முதல் எட்டு நிமிடம். இந்த வேகத்தில் நடுத்தர நாய் துள்ளாமல், ஜட்கா வண்டிக் குதிரை மாதிரி ஒரே தாளத்தில் கால் மாற்றிப் போகும். நாள் முழுக்கப் போகக்கூடிய ஓட்டம் அது. நாய் நாலு கால் பாய்ச்சலுக்கு மாறினால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று பொருள்.

கழுத்தில் கட்டாதீர்கள்

கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி ஓடக்கூடாது. ஒவ்வொரு இழுப்பும் மூச்சுக்குழாயில் விழும். மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வேண்டும். முன்னால் ஒய் எழுத்து வடிவில் நெஞ்சின் நடுவே இறங்குவதாக இருக்கட்டும். தோளுக்குக் குறுக்கே பட்டையாகப் போகிற ரகம் முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளில் உரசுகிறதா என்று முதல் வாரம் தினமும் பாருங்கள். முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தால் பட்டை ரொம்ப முன்னால் இருக்கிறது. கழுத்துப் பட்டையும் இருக்கட்டும், உங்கள் தொலைபேசி எண் எழுதிய வில்லையை மாட்டுவதற்கு மட்டும்.

கயிறு 1.8 மீட்டர், இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது. ரப்பர் போல நீண்டு சுருங்கும் ரகம் கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபே போதும். சுமார் 30 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, கயிற்றின் நடுவில் இரண்டு முனையையும் இறுக முடியுங்கள். டியூபுக்கு இணையாக 50 சென்டிமீட்டர் நைலான் கயிற்றைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். டியூப் இழுப்பை வாங்கிக்கொள்ளும். என்றைக்காவது அறுந்தால் நைலான் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை டியூபை இழுத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பெல்ட்டில் மாட்டும் கொக்கி ஒரே இழுப்பில் கழலக்கூடியதாக இருக்க வேண்டும். காட்டுப்பன்றி குறுக்கே ஓடி நாய் பாயும்போது, முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது.

கயிற்றில் சுருட்டி நீட்டும் டப்பா ரகம் ஓட்டத்துக்கு ஆகாது. கயிறு இல்லாமல் ஓடவிடுவது இந்த இரண்டு மாவட்டங்களிலும் எங்கேயும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

பனியில் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை உங்களுக்கும் நாய்க்கும் வேண்டும். ஹார்னஸில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு. இடுப்புப் பையில் நாய்க்கென்றே ஒரு லிட்டர் தண்ணீர், மடக்கும் கிண்ணம், சுருள் துணிக்கட்டு, பஞ்சு, முள் பிடுங்க ஒரு இடுக்கி, சின்னப் பாட்டில் போவிடோன் அயோடின், ஒரு பழைய பருத்தித் துண்டு. தண்ணீர் பாரமாக இருக்கிறது என்று பாதி நிரப்பாதீர்கள்.

எந்தப் பாதை

தேசிய நெடுஞ்சாலை 44-ஐயும் அதன் சர்வீஸ் ரோட்டையும் விட்டுவிடுங்கள். ஓசூர்–கிருஷ்ணகிரி நடுவே பனிமூட்டத்தில் லாரிக்கு இருபது அடிக்கு முன்னால் இருப்பதே தெரியாது. தொப்பூர் கணவாய் பக்கம் சொல்லவே வேண்டாம். கல் குவாரிகள் இருக்கும் ஊர்களில் டிப்பர் லாரிகள் விடியும் முன்பே கிளம்பிவிடும். அந்த ரோட்டின் ஓரமெல்லாம் ஜல்லிச் சில்லு சிதறிக் கிடக்கும், கண்ணாடித் துண்டு மாதிரி பாதத்தில் ஏறும்.

நல்லது ஏரிக்கரை, மாந்தோப்பு நடுவே போகும் வண்டிப்பாதை, பஞ்சாயத்து ரோடு. கரை மண் மெத்தென்று இருக்கும், வண்டி வராது, திரும்பும் தூரம் கணக்காகத் தெரியும். பாரூர் ஏரி போலப் பெரிய ஏரிப் பக்கம் இருப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்துக்கே கரையும் அதை ஒட்டிய பாதையும் போதும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாந்தோப்புப் பாதைகள் இந்தப் பருவத்தில் அருமையாக இருக்கும். ஆனால் பூ பிடிக்கும் மார்கழி, தையில் மாமரத்துக்கு மருந்து அடிப்பார்கள். மருந்து வாடை வந்தால் வேறு பாதை எடுங்கள். நாய் தரையை முகர்ந்துகொண்டே போகிற பிராணி, பாதத்தை நக்குகிற பிராணி.

ராகி அறுவடை முடிந்த வயலில் இறங்கவிடாதீர்கள். தரையோடு அறுத்து நிற்கும் தாள் கட்டை காய்ந்ததும் ஆணி மாதிரி ஆகிவிடும். விரலிடுக்கில் குத்தும் குத்து வெளியே தெரியாது, மூன்றாம் நாள் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். ராகிக்கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் மிதிபட விடுவார்கள். அதன் மேல் ஓடாமல் ஓரமாக நடந்து கடந்துவிடுங்கள்: தானியம் நம் காலடியில் வீணாகக்கூடாது, உமியும் நாய் கண்ணில் போகும். நெருஞ்சி முள் காய்ந்து உதிர்வதும் இந்த மாதங்களில்தான்.

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் தென்பெண்ணையில் நுரை பொங்கி ஓடும் நாட்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் நாய் வாய் வைக்கக்கூடாது, இறங்கவும் கூடாது. தேங்கிய குட்டைத் தண்ணீர் எங்கே இருந்தாலும் இதே பேச்சுதான். எலிக்காய்ச்சல் கிருமி அதில்தான் இருக்கும்.

யானைக் காலம்

இதைப் படித்துவிட்டுப் போங்கள். நம் குளிர்காலமும் யானைகள் வரும் காலமும் ஒன்று. ராகி முற்றும் ஐப்பசி, கார்த்திகையில் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூர் சானமாவு காடு வரை வரும். மாசி வரைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். இரவில் வயலில் மேயும், விடியும்போது காட்டுக்குத் திரும்பும். நீங்கள் ஓடக் கிளம்பும் நேரமும் அதுதான்.

நாய் யானையைப் பார்த்தால் குரைக்கும். யானை துரத்தும். துரத்தப்பட்ட நாய் ஓடி வந்து நிற்கிற இடம் உங்கள் காலடி. கயிறு வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான். கயிற்றில் இருக்கும் நாய் யானையைத் தேடிப் போகாது. சிறுத்தையும் இந்தப் பக்கம் உண்டு. அது தேடி வருவதே நாயைத்தான், நேரமும் அந்திதான், விடியல்தான்.

ஆகவே காட்டை ஒட்டிய ஊர்களில் முழு வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். தை மாதத்தில் ஓசூரில் சூரியன் எழுவது ஏறத்தாழ ஆறே முக்காலுக்கு. ஏழு மணிக்குத் தொடங்கி தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரைக்கு மேல் வெளியே இருக்காதீர்கள். பனி விலகாத காலையில் போகவே வேண்டாம். கிளம்பும் முன் டீக்கடையில் கேளுங்கள். ராத்திரி பரணில் காவல் இருந்தவர்கள் அங்கேதான் வந்து டீ குடிப்பார்கள், கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பேச்சு கன்னடத்திலும் தெலுங்கிலும் இருக்கும். ‘ஆனெ’, ‘ஏனுகு’ என்று காதில் விழுந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். சாணம் கண்ணில் பட்டு, அதிலிருந்து ஆவி பறந்தால், முன்னே போகாதீர்கள்.

காட்டுக்குள் நாயோடு ஓடுவது என்ற யோசனையே வேண்டாம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் இந்த இரு மாவட்டங்களின் காட்டுப் பகுதிகளில்தான் இருக்கின்றன. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நம் நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும் என்பதும் உண்மை.

காட்டோர வயல்களில் இன்னும் இரண்டு ஆபத்து. ஒன்று அவுட்டுக்காய்: பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடி, தீனிக்குள் மறைத்திருப்பார்கள், கடித்தால் தாடை போய்விடும். மற்றது சுருக்குக் கம்பியும் திருட்டு மின்வேலியும். வேலி ஓரம் முகரவிடாமல் பாதையின் நடுவில் வைத்து ஓட்டுங்கள். ‘விடு’ என்று சொன்னால் வாயில் இருப்பதைப் போடும் பழக்கத்தை வீட்டிலேயே முதல் மாதத்தில் கற்றுக்கொடுங்கள். வாயில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றைக் கையில் காட்டி, அது போட்டதும் கொடுப்பது. தினம் பத்து முறை, மூன்று வாரம்.

ஓடும் காலை

முந்தின இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு. காலையில் வெறும் வயிறு. சாப்பிட்ட உடனே ஓடினால் நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும். ராஜபாளையம், ஷெப்பர்ட், டாபர்மேன், கன்னி எல்லாம் இதில் சேரும். வயிறு டமாரம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் நாய் தவித்தால் அதுதான். வீட்டு வைத்தியத்துக்கு அதில் இடமில்லை, உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே முன்னால் மூன்று மணி நேரம், பின்னால் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்ப அரை மணி நேரத்துக்கு முன் 100 மில்லி தண்ணீர் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் நடை. மலம், சிறுநீர் எல்லாம் முடியட்டும், முகரட்டும். குளிரில் விறைத்த தசை இளகட்டும். வண்டி எதிரே வரும்படி ரோட்டின் வலது ஓரம் ஓடுங்கள். நாய் உங்கள் வலது பக்கம், மண் ஓரத்தில். வண்டிக்கும் நாய்க்கும் நடுவில் எப்போதும் நீங்கள்தான் இருக்க வேண்டும். பால் கேனோடு வரும் பைக்குகள் பனியில் முகப்பு விளக்கு இல்லாமலும் வரும்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, 20 கிலோ நாய்க்கு 50 முதல் 100 மில்லி தண்ணீர். மொத்தமாக ஒரு கிண்ணம் குடித்துவிட்டு ஓடினால் கக்கும். குளிரில் தாகம் தெரியாமல் குடிக்க மறுக்கும் நாய்க்கு, தண்ணீரில் ஒரு கரண்டி கோழி வேகவைத்த சாறு கலந்தால் குடித்துவிடும். உப்பு, மசாலா சேராத சாறு. நமக்குக் கொடுக்கும் உப்புக்கரைசல் வேண்டாம்.

அந்த நிறுத்தத்தில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று வாய். உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளிறியோ செங்கல் நிறமாகவோ, தொட்டால் பசை மாதிரி ஒட்டியோ இருந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறு கறுப்பாக இருக்கும், நிறம் தெரியாது. அப்போது கீழ் இமையை லேசாக இழுத்து உள்தோலைப் பாருங்கள், அதே கணக்குதான். மற்றொன்று பாதம். நான்கையும் தூக்கி, விரல்களை விரித்து, நடுவில் இருக்கும் அடித்தோலை விரலால் தேயுங்கள். வழவழவென்று பளபளத்தால் மேல்தோல் தேய்ந்துவிட்டது, இன்னும் ஒரு கிலோமீட்டரில் உரியும். இளஞ்சிவப்பு தெரிந்தால் உரிந்தே விட்டது.

ஓடும்போது பார்க்க வேண்டியது கயிற்றை. முதல் இரண்டு கிலோமீட்டர் கயிறு முன்னால் விறைப்பாக இருக்கும். பிறகு தொய்ந்து, நாய் உங்கள் முழங்காலுக்கு நேராக வரும். நல்ல ஓட்டம் இதுதான். கயிறு பின்னால் இழுபடத் தொடங்கினால் நாய் களைத்துவிட்டது. நாய் சண்டித்தனம் செய்கிறது என்று எடுத்துக்கொண்டு இழுக்காதீர்கள், நடைக்கு மாறுங்கள். நாக்கையும் கவனியுங்கள்: சாதாரண இரைப்பில் நுனி குறுகலாக இருக்கும், சூடு ஏற ஏற நுனி அகன்று கரண்டி போல விரியும், நிறம் கருஞ்சிவப்பாகும். அதோடு எச்சில் கெட்டியாகிக் கயிறு மாதிரி தொங்கினால், நடை தள்ளாடினால், வெப்பத்தாக்கம் தொடங்கிவிட்டது.

நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடும். நிழலுக்குக் கொண்டுபோய்க் கையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் வயிறு, அக்குள், தொடை இடுக்கில் ஊற்றுங்கள். சட்டையைக் கழற்றி விசிறுங்கள். ஈரத் துண்டை மேலே போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும், அதைச் செய்யாதீர்கள். வாயில் ஊற்றிப் புகட்டாதீர்கள். சூடு தணித்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் போங்கள். எழுந்து நின்றுவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப்போனால் இரவில் கெட்டுவிடும்.

எட்டரைக்கு மேல் தார் ரோட்டில் இருக்க நேர்ந்தால் புறங்கையை ரோட்டில் ஏழு நொடி வையுங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்க முடியாது.

ஊர் நாய்கள், ஆட்டுப் பட்டி, எருதுகள்

ஊருக்குள் நுழையும்போது ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடும் எதையும் ஊர் நாய் துரத்தும். உங்கள் நாயைக் கயிறு குட்டையாகப் பிடித்து மறுபக்கம் மாற்றிக்கொண்டு, எதையும் முறைக்காமல் ஒரே சீராக நடங்கள். கடைசி வீடு தாண்டியதும் பெரும்பாலும் விட்டுவிடும். அவற்றின் எல்லை அதுவரைதான். நெருங்கி வந்தால் கல் எடுப்பதுபோலக் குனிந்தாலே போதும், எறிய வேண்டாம். மார்கழி, தையில் பல ஊர்களில் குட்டி போட்ட தாய் நாய் இருக்கும். அது துரத்தினால் எதிர்க்காமல் வந்த வழியே ஒதுங்குங்கள். உங்கள் பெண் நாய் பருவத்தில் இருந்தால் மூன்று வாரம் வெளியே ஓட்டமே வேண்டாம்.

எந்த நாய் கடித்தாலும், உங்களுக்கென்றால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி நாட்களில் ஒன்றையும் விடக்கூடாது. நாய்க்கென்றால் அதே கழுவல், பிறகு கால்நடை மருத்துவமனை. ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போட வேண்டும்.

செம்மறி ஆட்டுக் கூட்டம் வந்தால் ஓரமாக நின்று நாயை உட்காரவைத்து, அது கடந்துபோகும்வரை காத்திருங்கள். மேய்ப்பவருக்கு ஒரு வணக்கம் சொன்னால் தன் நாயை அவரே அதட்டி அழைத்துக்கொள்வார். பொங்கலிலிருந்து சில வாரம் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா நடக்கும். விழா நாளில் அந்த ஊர் வழியே போகாதீர்கள். தெறித்த எருது பல கிலோமீட்டர் தள்ளியும் ஓடிவரும்.

பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கட்டவோ கீறவோ வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். அறுவடை வயலோரம் கண்ணாடி விரியன் இருக்கும் காலம் இது. விஷமுறிவு மருந்து எந்தக் கால்நடை மருத்துவமனையில் இருக்கிறது, ஞாயிறு காலையில் யார் இருப்பார் என்று இப்போதே கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். நீண்ட ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைதானே.

முடித்த பிறகு

கடைசி ஒரு கிலோமீட்டர் நடை. நின்று பத்து நிமிடத்தில் இரைப்பு அடங்க வேண்டும். அடங்கவில்லையென்றால் அன்றைய தூரம் அதிகம். அடுத்த ஞாயிறு இரண்டு கிலோமீட்டர் குறையுங்கள். பனியில் நனைந்த உடம்பைத் துண்டால் உடனே துடையுங்கள். ஈர உடம்போடு பைக்கில் முன்னால் உட்காரவைத்துக் காற்றில் கூட்டிவருவது மெல்லிய தோல் நாய்க்குக் கெடுதல்.

வீட்டில் பாதத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, முள்ளும் உண்ணியும் தேடுங்கள். காது மடல், அக்குள், வாலின் அடி, மார்புப் பட்டை இருந்த இடம். சின்ன உரிசல் இருந்தால் போவிடோன் அயோடினைப் பால் விடாத லேசான டீ நிறத்துக்குத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தொங்கும் தோலைப் பிய்க்க வேண்டாம், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். தேங்காயெண்ணெய் இரவில் ஒரு சொட்டு தடவலாம். ஓடும் முன் தடவினால் தோல் இளகிச் சீக்கிரம் உரியும். நகம் சிமெண்ட் தரையில் டக் டக் என்று சத்தமிட்டால் வெட்ட வேண்டிய நேரம்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாடு ஒரு மணி நேரம் கழித்து: ஆரஞ்சு அளவில் இரண்டு உருண்டை ஆறிய ராகிக் களி, 150 கிராம் எலும்பில்லாத வேகவைத்த கோழி, ஒரு முட்டை, ஒரு கரண்டி தயிர். 20 கிலோ நாய்க்குக் காலை வேளைக்கு இது போதும். நம் சட்டியிலிருந்து குழம்பு ஊற்றாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். தைப்பொங்கல் அன்று ஆசையாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் உலர் திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும்.

மறுநாள் காலை நாய் படுக்கையை விட்டு எழும்போது பக்கத்தில் இருங்கள். முதல் நான்கு அடி விறைப்பாக வைத்துவிட்டுப் பிறகு சரியானால் சாதாரணக் களைப்பு. ஒரு காலைத் தூக்கியே நடந்தால் பாதத்தில் தொடங்கி மேலே தோள், இடுப்பு வரை மெல்ல அழுத்தி எங்கே சிணுங்குகிறது என்று பாருங்கள். நமக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டு நாள் ஓய்வில் நொண்டல் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். நொண்டல் முழுதாக நின்ற பிறகு ஒரு வாரம் நடை, அதன்பின் மறுபடி 3 கிலோமீட்டரிலிருந்து.